கோதாவில் ஒரு கதை: மெக்ஸிகோ நாட்டு மல்யுத்தம்

மல்யுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் நம்மில் பலர். தொலைக்காட்சியின் முன்னே அண்ணன்மாரும் தம்பிமாரும் கண் கொட்டாமல் அமர்ந்திருக்கும்போது, "எல்லாம் பொய்ச் சண்டை. முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதே நம் வழக்கம். நாம் மல்யுத்த ரசிகைகள் அல்லோம். இக்கட்டுரையை எழுதி முடித்த பின்னரும் ரசிகைகளாகிவிடவில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. வெற்றி யாருக்கு என்பது முன்னரே முடிவாகிவிட்ட ஒரு சண்டையைக் காண, ஆயிரக்கணக்கான மக்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிச் செல்கிறார்கள் என்றால், அவர்கள் அத்தனை பேரும் ஏமாளிகளா? அல்லது சண்டையல்லாத வேறொன்றைக் காணச் செல்கிறார்களா?

விடை தேட மெக்ஸிகோ நாட்டுக்குச் செல்வோம். மல்யுத்தம் ஒரு கதையாக எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம். அந்நாட்டார் அதனை 'லூச்சா லிப்ரே' என்பர். கட்டற்ற மல்யுத்தம் என்பது அதன் பொருள். மெக்ஸிகோப் புரட்சியில் படைவீரராக இருந்து, பின்னர் வரித்துறையில் பணியாற்றிய சால்வடோர் லுட்டரோத் என்பவர், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் தாம் கண்ட மல்யுத்தக் காட்சியில் மனத்தைப் பறிகொடுத்து, 1933-ஆம் ஆண்டில் தம் நாட்டின் தலைநகரில் ஒரு மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் முதற் காட்சி நடந்தது. அந்நிறுவனம் பெயரில் சிறு மாற்றத்துடன் இன்றும் இயங்குகிறது. 1956-ல் அவர்கள் கட்டித் திறந்த 'அரீனா மெக்ஸிகோ' என்னும் மண்டபத்தில் சுமார் 16,000 பேர் அமரலாம். வெள்ளிக்கிழமை இரவுகளில் பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக அங்கே கூடுகின்றனர்.

கோதாவில் இறங்குவோர் இரு வகையினர். விதிப்படி, அழகாக, திறமையைக் காட்டி மோதுபவர் 'டெக்னிகோ'. விதியை மீறி, நடுவர் கண்ணை மறைத்து, முரட்டுத்தனமாக அடிப்பவர் 'ரூடோ'. ஒருவர் எந்த வகையினர் என்பதைக் கண்டுகொள்ள மோதல் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் நடந்து வரும் நடையே சொல்லிவிடும். டெக்னிகோ வழியில் நிற்கும் சிறுவர்களின் கையைத் தொட்டுக்கொண்டே வருவார். ரூடோவோ மக்களை ஏசிக்கொண்டே வருவார், மக்களும் அவரை ஏசுவர். தெருக்கூத்தில் துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வரும்போதே அவன் யாரென்று நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா, அதுபோலத்தான்.

மோதல் மூன்று பகுதிகளாக நடக்கும். மூன்றில் இரண்டை வென்றவருக்கே வெற்றி. முதற் பகுதியில், மணி அடிப்பதற்கு முன்பே ரூடோ பாய்ந்து தாக்குவார். டெக்னிகோ நிலைகுலைவார். நடுவர் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். மண்டபம் முழுவதும் "நடுவரே, அங்கே பாரும்!" என்று கதறும். அவர் திரும்பிப் பார்க்கும்போது ரூடோ ஒன்றுமறியாதவர்போல் கைகளை விரித்து நிற்பார். இவ்வாறு அநியாயம் முதற் பகுதியை வென்றுவிடும். இரண்டாம் பகுதியில் அடிபட்டவர் மெல்ல எழுகிறார். ஒரு பிடி, ஒரு துள்ளல், கயிற்றில் ஏறி ஒரு பாய்ச்சல் எனக் கணக்குச் சமமாகிறது. மூன்றாம் பகுதி மட்டும் இன்னவாறுதான் முடியும் என்று சொல்வதற்கில்லை. நியாயம் எல்லா நாளும் வெல்வதில்லை. சில இரவுகளில் ரூடோவே வென்று சிரித்துக்கொண்டு போவார். அப்போது மக்கள் மனம் கொதித்து, அடுத்த வாரமும் வருவர். தொடர்கதை எழுதுவோர் அறிந்த வித்தை இது!

ரூடோக்களுக்காகவே கூவும் கூட்டமும் அங்கே உண்டு என்பது நமக்கு முதலில் விளங்கவில்லை. சற்று எண்ணிப் பார்த்தால் விளங்குகிறது. வாரம் முழுவதும் முதலாளிக்கும் அதிகாரிக்கும் பணிந்து நடந்த ஏழை ஒருவன், விதியை மீறித் துணிந்து நிற்பவனைக் கண்டு ஒரு மணி நேரம் கைதட்டி ஆறுதலடைகிறான் போலும். இஃது எமது கருத்து. சரியென்று வற்புறுத்தமாட்டோம்.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரொலான் பார்த், 1957-ல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரைத் தொகுப்பின் முதற் கட்டுரையை மல்யுத்தம் பற்றியே எழுதினார். பாரிஸ் நகரத்து எளிய மண்டபங்களில் நடந்த காட்சிகளைக் கண்டு எழுதியது அது. மல்யுத்தத்தை விளையாட்டாகக் கொள்ளாமல் நாடகமாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் முடிபு. துன்பமும் தோல்வியும் நீதியும் எவருக்கும் விளங்கும்படி பெரிதாக்கிக் காட்டப்படுவதைக் காணவே மக்கள் வருகின்றனராம். அமெரிக்காவிலோ 1989-ல் ஒரு பெரிய மல்யுத்த நிறுவனம், விளையாட்டுப் போட்டிகளுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, தன் காட்சிகள் பொழுதுபோக்கே என்று நியூ ஜெர்ஸி மாநில அரசிடம் தானே ஒப்புக்கொண்டது. குட்டு வெளிப்பட்டதே என்று மக்கள் வருவதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. அவர்களுக்கு அது குட்டே அன்று.

அப்படியாயின் எல்லாம் பொய்தானே என்று கேட்கலாம். முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம். விழுவது அப்படியன்று. உயரத்துக் கயிற்றின் மேலிருந்து ஒருவர் குதித்தால் குதித்ததுதான். பூமியின் ஈர்ப்பு விசைக்குக் கதை தெரியாது. எனவே மெக்ஸிகோவில் மல்யுத்தம் பயில வரும் இளைஞர், அடிப்பதற்கு முன்னே உருள்வதையும் விழுவதையும் மாதக்கணக்கில் பழகுகின்றனர். தலைநகரில் தொழில் நடத்த உரிமச் சீட்டு வேண்டும். அதனைப் பெறத் தேர்வும் உண்டு.

இங்கே நம் கருத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று இருக்கிறது. டெக்னிகோ கயிறுகளைத் தாண்டி, கோதாவுக்கு வெளியே நிற்கும் ரூடோவின் மேல் பறந்து விழும் காட்சி லூச்சா லிப்ரேயின் சிறப்புகளுள் ஒன்று. மக்கள் பறப்பவரையே பார்க்கின்றனர். நாம் கீழே நிற்பவரைப் பார்ப்போம். அவர் விலகிக்கொண்டால் பறந்து வருபவரின் கழுத்து முறியும். ஆகவே அவர் விலகாமல், தடுமாறுபவர்போல் நடித்துக்கொண்டே, சரியான இடத்தில் காலை ஊன்றி, மார்பையும் கைகளையும் கொடுத்து, எதிரியைத் தாங்கிக்கொண்டு தாமும் விழுகிறார். மண்டபம் முழுவதும் எவரைத் திட்டித் தீர்க்கிறதோ அவர்தாம் நல்லவரின் உயிரைக் கையில் ஏந்துகிறார். நன்றாகச் செய்தால் அவர் செய்ததே எவருக்கும் தெரியாது. கைதட்டல் பறந்தவருக்கு, வசைமொழி தாங்கியவருக்கு! நாடகத்தில் தீயவனாக நடிப்போர் பலர் உண்டு. ஆனால் பகைவனைப் போல் தோன்றிக்கொண்டே காவலனாக இருக்கும் வேடம் வேறெந்தக் கலையில் உண்டு என்று நாம் யோசித்துப் பார்த்தோம். சர்க்கஸில் ஊஞ்சலிலிருந்து பாய்பவரைப் பிடித்துக்கொள்ளும் கலைஞர் நினைவுக்கு வருகிறார். அவரையாவது எவரும் திட்டுவதில்லை.

இந்த நம்பிக்கையையும் மீறி விபத்து நேர்வதுண்டு. 2015 மார்ச் 20-ஆம் நாள் டிஹுவானா நகரில் நடந்த ஒரு மோதலில், பெரோ அகுவாயோ ஜூனியர் என்ற புகழ்பெற்ற ரூடோ வீரர், வழக்கமான ஓர் உதை பட்டுக் கயிற்றின் மேல் சாய்ந்தார். கழுத்தில் பலத்த அடி. அவர் அசையவில்லை. ஆனால் அடிபட்டவர் அசையாமல் கிடப்பது கதையில் எப்போதும் வரும் நிகழ்ச்சியாயிற்றே! மற்றவர்கள் சிறிது நேரம் மோதலைத் தொடர்ந்தனர். மக்களும் கத்திக்கொண்டிருந்தனர். கதை நின்று உண்மை தொடங்கிவிட்டது என்பதை உணரச் சில நிமிடங்கள் சென்றன. அவர் பிழைக்கவில்லை. வயது 35. எவரையும் குற்றம் சொல்வதற்கில்லாத அந்தச் சில நிமிடங்களைப் பற்றிப் படித்தபின், "எல்லாம் பொய்ச் சண்டை" என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இனி முகமூடிக்கு வருவோம். 1934-ல் மெக்ஸிகோவுக்கு வந்திருந்த அமெரிக்க வீரர் ஒருவர், முகத்தை மறைத்துக்கொண்டு மோத விரும்பினார். அவருக்கு முகமூடி செய்து கொடுத்தவர் அந்தோனியோ மார்த்தினெஸ் என்னும் காலணி செய்யும் தொழிலாளி. பாதத்துக்கு அளவெடுத்துத் தோல் தைத்த கை, தலைக்கு அளவெடுத்துத் தைத்தது. அதன் பின் அந்நாட்டில் முகமூடி பரவியது. பிறர் முகமூடியைப் பிடுங்குவது பெருங்குற்றம். பிடுங்கியவர் தோற்றவராகவே அறிவிக்கப்படுவார்.

அத்தகைய முகமூடியையே பந்தயமாக வைத்து மோதுவதும் உண்டு. முகமூடி இல்லாதவர்கள் தலைமுடியைப் பந்தயமாக வைப்பர். தோற்றவரின் தலையை அங்கேயே மழித்துவிடுவார்கள். முகமூடி இழப்பவருக்கு ஒரு சடங்கு உண்டு. அவர் கோதாவின் நடுவே நின்று தம் முகத்தைக் காட்டி, தம் இயற்பெயர், பிறந்த ஊர், எத்தனை ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறார் என்பவற்றைச் சொல்ல வேண்டும். புயலாகவும் பேயாகவும் மின்னலாகவும் வந்து நின்றவர், இன்ன ஊரிலிருந்து வந்த இன்னார் ஆகிறார். அதன் பிறகு அவர் மீண்டும் அம்முகமூடியை அணியலாகாது. வெற்றி பேசி வைத்ததாக இருக்கலாம். இழப்பு மெய்யானது.

முகமூடி வீரர்களுள் எல்லாரினும் புகழ் பெற்றவர் 'எல் சாண்டோ'. புனிதர் என்று பொருள். 1917-ல் துலான்சிங்கோ என்னும் ஊரில் பிறந்த ரொடொல்ஃபோ குஸ்மான் ஹுயர்த்தா, வேறு சில பெயர்களில் மோதிய பின், 1942-ல் வெள்ளி நிற முகமூடியுடன் சாண்டோவாகக் களம் இறங்கினார். பெயர்தான் புனிதர், ஆள் ரூடோ! விதிகளை மீறுவதில் வல்லவர். 1952 நவம்பர் 7-ஆம் நாள், பிளாக் ஷாடோ என்பவரை வென்று அவருடைய முகமூடியைக் கழற்ற வைத்தார். பிளாக் ஷாடோவின் நண்பரான ப்ளூ டீமன், அதுவரை தாமும் ரூடோவாக இருந்தவர், நண்பருக்காகப் பழி வாங்க டெக்னிகோவாக மாறினார். 1953-ல் சாண்டோவை வென்று அவருடைய பட்டத்தையும் கைப்பற்றினார். இருவர் பகையும் மெக்ஸிகோ மக்கள் வாயில் பல்லாண்டு வாழ்ந்தது.

அதே 1952-ல், ஹோசே குரூஸ் என்பவர் சாண்டோவைத் தலைவராக வைத்துப் படக்கதை இதழ் ஒன்றை வெளியிடத் தொடங்கினார். அதில் சாண்டோ ஏழைகளின் காவலர், தீயோரின் பகைவர். வாரந்தோறும் குழந்தைகள் அதனை வாங்கிப் படித்தனர். ஆனால் கோதாவில் அவர் இன்னும் ரூடோதான்! தாளில் நல்லவர், தரையில் கெட்டவர் என்ற இந்த நிலை பத்தாண்டுகள் நீடித்தது. 1960-களின் தொடக்கத்தில்தான் அவர் கோதாவிலும் டெக்னிகோவாக மாறினார். கதை முன்னே சென்றது, மனிதர் பின்னே போய்ச் சேர்ந்தார். திரைப்படங்களிலும் சுமார் ஐம்பதில் நடித்து, இரத்தக் காட்டேரிகளையும் நடமாடும் பிணங்களையும் வென்றார். பழைய பகைவர் ப்ளூ டீமனும் அவற்றுள் சிலவற்றில் அவருக்குத் துணைவராக வருவார். அப்படங்கள் கலையழகு மிக்கவை என்று நாம் சொல்லத் துணியோம்.

நம்மை வியக்க வைப்பது வேறு. சாண்டோ பொது இடங்களில் முகமூடியைக் கழற்றியதே இல்லை. உண்பதற்கென்று வாய்ப்பகுதி திறந்த முகமூடி வைத்திருந்தார். வெளிநாடு செல்லும்போது விமான நிலையத்தில் முகம் காட்ட வேண்டியிருக்குமாதலால், உடன் பணிபுரிவோரும் காணாதபடி அவர்களை விட்டு வேறு விமானத்தில் பயணம் செய்தார். 1982-ல் ஓய்வு பெற்ற பின்னரும் இப்பழக்கத்தை விடவில்லை. 1984 ஜனவரியில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தவர், எவரும் எதிர்பாராத வகையில் முகமூடியைச் சிறிது உயர்த்தித் தம் முகத்தின் ஒரு பகுதியைக் காட்டினார். சில நாட்களில், பிப்ரவரி 5-ஆம் நாள், மாரடைப்பால் காலமானார். வெள்ளி முகமூடியுடனேயே அடக்கம் செய்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் தம் முகத்தையே ஒரு கதைக்குக் கொடுத்துவிட்டார். இதனைப் பொய் என்பதா, வாக்குத் தவறாமை என்பதா?

மாணவியராகிய நமக்குத் தெரிய வேண்டிய செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மெக்ஸிகோவில் பெண் வீராங்கனைகளும் முற்காலந்தொட்டே இருந்தனர். ஆனால் 1950-களில் தலைநகரில் பெண்கள் மோதுவது தடை செய்யப்பட்டது. 1986-ல்தான் தடை நீங்கியது. அந்த முப்பது ஆண்டுகளும் அவர்கள் வெளியூர்களில் மோதிப் பிழைத்தனர். அவர்களுள் முன்னவரான இர்மா கொன்சாலெஸ், ஒரு காலத்தில் முகமூடி அணிந்து 'சாண்டோவின் மணப்பெண்' என்ற பெயரில் மோதினார். தலைநகரின் பெரிய மண்டபம் தம் இளமைக்கு மூடிக் கிடந்ததே என்ற வருத்தம் அத்தலைமுறைப் பெண்களுக்கு இருந்திருக்கும். ஆண்கள் சொல்லும் கதையில் நல்லவராகவோ கெட்டவராகவோ வரலாம், பெண்கள் கதைக்குள்ளேயே வரலாகாது என்றால், அது எந்த ரூடோவும் செய்யாத முரட்டுத்தனம் அன்றோ!

கதை கோதாவை விட்டு வீதிக்கும் வந்தது. 1985 செப்டம்பர் 19-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் மெக்ஸிகோ நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், எண்ணற்றோர் வீடிழந்தனர். குடியிருப்போரை வீட்டு உரிமையாளர்கள் வெளியேற்ற முயன்ற காலத்தில், 1987-ல், சிவப்பும் மஞ்சளுமான உடையும் முகமூடியும் அணிந்த ஒருவர் வீதியில் தோன்றினார். 'சூப்பர்பாரியோ' என்று பெயர். பாரியோ என்றால் குடியிருப்புப் பகுதி. வீடு காலி செய்ய ஆட்கள் வரும் இடத்தில் மக்களோடு போய் நிற்பார், அதிகாரிகளைக் கண்டு பேசுவார். முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. குடியிருப்போர் எல்லாரும் அவரே என்பதுதான் மக்கள் சொன்ன விடை.

இன்னொருவரை நம் பள்ளி வாசகர்கள் அறிந்துகொள்வது பொருத்தமாகும். 1963-ல் வெளியான ஒரு மெக்ஸிகோத் திரைப்படத்தில், ஏழைப் பிள்ளைகளைக் காப்பாற்ற முகமூடி அணிந்து மல்யுத்தம் செய்யும் குருவானவர் ஒருவர் வருகிறார். வெறும் கற்பனைக் கதை. இளமையில் போதைப் பொருளுக்கு அடிமையாகி, அதிலிருந்து மீண்டு, 1970-களில் குருப்பட்டம் பெற்ற செர்ஹியோ குத்தியேர்ரெஸ் பெனித்தெஸ் அடிகளார், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் ஒன்று தொடங்கினார். கையில் பணமில்லை. அந்தத் திரைப்படம் அவர் நினைவுக்கு வந்தது. மல்யுத்தம் பயின்றார். 'ஃப்ராய் டொர்மெந்தா', அதாவது புயல் துறவி என்ற பெயரில், முகமூடியுடன் களம் இறங்கினார். மல்யுத்தத்தில் பெரும்பணம் கிடைக்கும் என்று எண்ணியிருந்தாராம். கிடைத்ததோ சொற்பம். விட்டுவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவில் அடியும் உதையும் பட்டு, பகலில் திருப்பலி நிறைவேற்றி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அவர் குரு என்பது தொடக்கத்தில் சக வீரர்களுக்கே தெரியாது. தெரிந்த பின், அவரை அடிக்கத் தயங்கியவர்களும் உண்டு என்பர்.

அவர் வாழ்க்கையைத் தழுவி 2006-ல் அமெரிக்காவில் ஒரு நகைச்சுவைத் திரைப்படம் வெளிவந்தது. படத்திலிருந்து பிறந்த மனிதர் மீண்டும் படமானார். மல்யுத்தத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், சில வழிபாடுகளை முகமூடி அணிந்தே நடத்தினார். வெண்ணிறத் திருவுடைக்கு மேலே மஞ்சளும் சிவப்பும் கலந்த முகமூடியுடன் அவர் பலிபீடத்தின் முன் நிற்கும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். பீடத்தைச் சுற்றி நிற்கும் எளிய மக்கள் எவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவர், பின்னாளில் அவருடைய பெயரையும் முகமூடியையும் பெற்றுக்கொண்டு, இளைய ஃப்ராய் டொர்மெந்தாவாகக் கோதாவில் இறங்கினார்.